பாலத்திலிருந்து தொப்பிக்கடை வரை

அந்த ஊரின் பெரிய தெரு ஒரு பாலத்தில் தொடங்குகிறது. பாலத்துக்கு ஐந்து வளைவுகள். நான்கு ஒரே அளவு. ஐந்தாவது மட்டும் கொஞ்சம் கொழுத்தது. எப்போதோ வந்த வெள்ளம் அந்த ஐந்தாவதை அடித்துக்கொண்டு போய்விட, திருத்த வந்த மேசன் அயலூர்க்காரனாம். "உங்கடை அளவு உங்களோடை இருக்கட்டும், நான் எங்கடை ஊர் அளவிலைதான் கட்டுவன்" என்று கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டானாம்.

பாலம் முடிய இடது கைப்பக்கம், காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் வீடு. வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய மூன்று தலைகள். நடுத்தலைக்கு மூக்கில்லை. "அந்தப் பரம்பரையிலை அவன் ஒருத்தன்தான் நல்லவன், அடுத்தவன் விசயத்துக்கை நுழைக்க அவனிட்டை ஒண்டும் இல்லை" என்று ஊர் சொல்லுமாம். அதற்கு அடுத்தது கன்னியாஸ்திரி மடம். மடம் பிறகு தானியக் களஞ்சியமாகி, களஞ்சியம் பிறகு படமாளிகையாகியது. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால், கதிரைகளுக்குக் கீழே பலகை இடுக்கில் கோதுமை முளைக்கும். கடைசி வரிசையில் இருக்கும் சோடிகள் படத்தைப் பார்க்காவிட்டாலும் பயிரையாவது பார்த்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்லலாம்.

நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை. இவ்வளவும் எண்பதுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோனில், ஒரு உணவகத்தின் பின்பக்கச் சமையலறையில், கோப்பை கழுவும் தொட்டிக்கும் உருளைக்கிழங்குச் சாக்குக்கும் இடையில் நின்றபடி எனக்குக் கிடைத்தவை. சொன்னவர் அங்கே சமையல்காரராக இருந்த ஸ்பெயின்காரர். நாற்பத்தைந்து தாண்டியவர். ஆள் சிறிது, குரல் பெரிது. அந்தச் சமையலறையில் மற்ற எல்லோரும் அவருடைய தெருவை ஏற்கெனவே கேட்டுக் களைத்தவர்கள். நான் புதிது, கை இரண்டும் சவர்க்காரத் தண்ணீருக்குள், ஓடவும் வழியில்லை.

அவர் கதைத்தது பிரெஞ்சு. இடையிடையே ஸ்பானிஷ் வரும், கோபம் வந்தால் முழுவதும் ஸ்பானிஷ் வரும். நான் அதை இங்கே எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன், வேறு விதமாக எனக்கு அது காதில் கேட்பதில்லை.

லா ஷோ-து-ஃபோனின் பெரிய தெரு அவருக்குப் பிடிக்காது. "உது தெருவில்லை, அடிமட்டம்" என்பார். "இந்த முனையிலை நிண்டு பாத்தால் அந்த முனையிலை வாறவன்ரை சப்பாத்துத் தெரியும். தெரு எண்டால் வளையவேணும். வளைஞ்சால்தான் ஒருத்தரைத் திடீரெண்டு சந்திக்கலாம். நேர்த்தெருவிலை சந்திப்பு இல்லை, வரவு மட்டும்தான்." இப்படி ஏதாவது சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன்.

நான் படித்தது பாடமாக்கும் பள்ளிக்கூடத்தில். வாய்ப்பாடு, தேவாரம், ஆறுகளின் பெயர் எல்லாம் ஒரே மூச்சு. யாராவது இடையில் மறித்தால் தொடங்கிய இடத்துக்குத்தான் போகவேண்டும். பிரெஞ்சையும் நான் வேறு எப்படிப் படிப்பேன்? அந்தத் தெருவை அவர் சொன்ன ஒழுங்கில், அவர் சொன்ன சொல்லில், அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அப்படியே பாடமாக்கினேன். மூன்று மாதத்தில் வளைவு, தூண், நாரை, நொத்தாரிசு, பல்கனி எல்லாம் எனக்குப் பிரெஞ்சில் தெரியும். தலையிடி என்பதற்குச் சொல் தெரியாது. தலை தெரியும், அதுவும் கல்லில் செதுக்கிய தலை.

என்னோடு அறையில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்த ஒரு அண்ணை. இங்கே மணிக்கூட்டு உறைகளை மினுக்கும் தொழிற்சாலையில் வேலை. நான் சமைக்கும்போது தெருவைச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுவிட்டு, "உந்த றூட்டிலை எத்தினை தரிப்பு தம்பி?" என்றார்.

"ஒன்பது, அண்ணை. பாலம், நொத்தாரிசு, மடம், மருந்துக்கடை, நகரசபை, தூண் நடைபாதை, தொப்பிக்கடை, பேக்கரி, கோயில்."

"நடுவிலை ஏறினால் டிக்கெட் குடுப்பியோ?"

"ஏலாது. பாலத்திலைதான் ஏறவேணும்."

"அப்ப உது பஸ் இல்லை, தேர்" என்றார்.

புதன்கிழமைகளில் பின்னேரம் இருவரும் பிரெஞ்சு வகுப்புக்குப் போவோம். இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் சம்பளமில்லாமல் நடத்திய வகுப்பு. ஒரு நாள் அவர் என்னை எழுப்பி, "உங்கள் ஊரின் பெரிய தெருவைப் பற்றி ஐந்து வசனம் சொல்லுங்கள்" என்றார். பெரிய தெரு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். என் வாய் பாலத்தில் ஏறிவிட்டது. ஐந்து வசனத்தில் நிற்கவில்லை. நொத்தாரிசு, மடம், முளைத்த கோதுமை, ஒன்றைவிட மற்றது ஏழு நிமிடம் பிந்தும் நகரசபையின் இரண்டு மணிக்கூடுகள் என்று கோயில் மணிக்கோபுரத்து நாரைக்கூட்டில் போய்த்தான் இறங்கினேன். ஆசிரியை பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாழ்ப்பாணத்தில் நாரைகள் மணிக்கோபுரத்திலா கூடு கட்டும்?" என்றார்.

அண்ணை வாய் அசையாமல், "ஓம் எண்டு சொல்லு. இல்லையெண்டால் நொத்தாரிசுக்கும் விளக்கம் கேப்பா" என்றார்.

ஓம் என்று சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆசிரியை என்னைக் கடையில் கண்டாலும் தெருவில் கண்டாலும் என் நாரைகளைச் சுகம் விசாரித்தார். நல்ல சுகம் என்று நானும் சொல்லிவந்தேன்.

மே மாதம் தொடங்கியபோது ஸ்பெயின்காரரின் பேச்சு குறைந்தது. ஒரு மத்தியானம் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் சீவிய கிழங்கையே மறுபடி சீவினார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

"எங்கடை ஊர்க்காரி ஒருத்தி இஞ்சை இருக்கிறா. மணிக்கூட்டு முகம் சரிபாக்கிற வேலை. தொழிற்சாலையிலை அந்தப் பகுதியை மூடுறாங்கள். வாற மாசக் கடைசியிலை ஊருக்குத் திரும்பிப் போறா. ஒரேயடியா."

"நல்லதுதானே."

"அவவோடை ஒரு கதை கதைக்கவேணும். போக முதல்."

"கதையுங்கோவன்."

"பதினாலு வருசமா ஞாயிற்றுக்கிழமையிலை எங்கடை ஸ்பெயின் சங்கத்திலை காணுறன். நான் வணக்கம் சொல்லுவன். அவவும் வணக்கம் சொல்லுவா. பிறகு நான் போய்ச் சீட்டு விளையாடுவன்." கிழங்கு நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. "அவ கலியாணம் கட்டேல்லை. ஏன் எண்டு கேக்கவும் எனக்கு வாய் வரேல்லை."

நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு தெருவைப் பற்றிக் கதைக்கக்கூடிய மனிதருக்கு ஒரு பெண்ணிடம் சொல்ல ஒரு வசனம் வரவில்லை. இதை அறையில் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் உடனே சேட்டு மாற்ற எழும்பினார். "கலியாணப் பேச்செண்டால் பெரிய மனிசர் ஒராள் போய்க் கேக்கவேணும். நான் போறன்."

"எந்தப் பாசையிலை அண்ணை கேப்பியள்?"

"பாசை எதுக்கு? சாதகத்தை நீட்டினால் விளங்கும்."

ஸ்பெயின்காரர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். மாதக் கடைசி ஞாயிறு அவர்களுடைய சங்கத்தின் ஆண்டு விழா. ஒவ்வொரு பகுதிக்காரரும் தங்கள் ஊரைப் பற்றி ஏதாவது வைக்கலாம். "நான் தெருவைக் கீறப்போறன்" என்றார். "முழுத் தெருவையும். அவ வந்து பாப்பா. பாத்தால் விளங்கிக் கொள்ளுவா."

"என்னத்தை விளங்குவா?"

"விளங்குவா" என்றார்.

மேசைக்கு விரிக்கும் வெள்ளைத்தாள் சுருளில் ஏழு மீற்றர் வெட்டினோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பின்னேர வேலை தொடங்கும் வரை, சாமான் அறையின் தரையில் அவர் கரித்துண்டால் கீறுவார். நான் சுருளின் மறுமுனையைப் பிடிப்பேன். நிறம் எல்லாம் சமையலறையில் இருந்தது. கல்லுச் சுவருக்குக் கோப்பி. ஓட்டுக்குப் பீற்றூட் அவித்த தண்ணீர். யன்னல் கதவுக்குக் கீரைச்சாறு. நாரையின் காலுக்குத் தக்காளி விழுது. பூசிய இரண்டாம் நாள் தெரு பசியைக் கிளப்பும் மணம் மணக்கத் தொடங்கியது.

ஏழாவது தரிப்பு தொப்பிக்கடை. மூன்று தட்டு. ஊர் ஆண்கள் வெறுந்தலையோடு திரியத் தொடங்கியதும் கடை தொப்பியை விட்டுக் குடைக்கு வந்தது, குடையை விட்டுப் பொத்தானுக்கு வந்தது. மேல்தட்டுப் பல்கனியில் ஜெரேனியம் சாடிகள். காலை எட்டு மணிக்குக் கடைக்காரரின் மகள் பூவாளியோடு வருவாள். அதே எட்டு மணிக்குப் பேக்கரிக்கார இளந்தாரி ஒருவன் ரொட்டிக்கூடையோடு கீழே வருவான். தண்ணீர் அவன் தலையில் விழும். அவள் மேலே நின்று மன்னிப்புக் கேட்பாள். அடுத்த நாளும் விழும். பெண்ணுக்குக் கண் பழுது என்று ஊர் சொன்னது. உண்மை வேறு. அவன் முதலே வந்து தூணுக்குப் பின்னால் நிற்பான். ரொட்டியை மெழுகுத்துணியால் மூடுவான். பூவாளி சரிவதைக் கண்ட பிறகுதான் வெளியே காலை வைப்பான்.

இதைப் பல தடவை கேட்டிருந்தேன். மற்றக் கட்டிடங்களின் கதைபோலவே இதற்கும் அவர் ஆண்டு சொன்னதில்லை, ஆளும் சொன்னதில்லை. வெள்ளம், மேசன், மூக்கில்லாத தலை, பூவாளி, எல்லாம் எனக்கு ஒரே காலத்துச் சரித்திரம்.

விழாவுக்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "நான் சோறு ஆக்கவேணும், இருநூறு பேருக்கு. தெருவுக்குப் பக்கத்திலை நிண்டு விளக்கம் சொல்ல ஆள் வேணும். இஞ்சை உமக்கு மட்டும்தான் தெரியும்."

"சொல்லுறன்."

"ஒரு விசயம். தொப்பிக்கடை வந்தால் தொப்பியை மட்டும் சொல்லும். பல்கனியை விட்டிடும்."

"ஏன்?"

"நீளம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அறையில் முயன்று பார்த்தேன். பொத்தான் வரை வந்து நிறுத்தினால் பேக்கரிக்குப் போக வழி தெரியவில்லை. பொத்தானுக்குப் பிறகு பல்கனி, பல்கனிக்குப் பிறகு பேக்கரி. நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது. அண்ணை கட்டிலில் படுத்தபடி, "ஒரு தரிப்பிலை நிப்பாட்டாமல் போறதுக்கு என்னடா கஷ்டம்? எங்கடை றைவர்மார் நாளுக்கு நாலு தரிப்பிலை நிப்பாட்டாமல் போவாங்கள்" என்றார். ஏழு தடவை பாலத்திலிருந்து வெளிக்கிட்டேன். ஏழு தடவையும் பல்கனியில் நின்றேன்.

விழா மண்டபத்தின் ஒரு சுவர் நீளத்துக்கு எங்கள் தெரு தொங்கியது. எதிர்ப்பக்கம், கதவடியில், வண்டிச்சில்லு அகலத்தில் ஒரு தட்டையான சட்டி. அதில் சோறும் கோழியும் மஞ்சளாகக் கொதித்தன. ஸ்பெயின்காரர் நீளக் கரண்டியோடு நின்றார். அண்ணையும் வந்திருந்தார், சாதகம் இல்லாமல், ஆனால் கழுத்துப்பட்டி கட்டி. காலையில் வந்தவர்களுக்கெல்லாம் நான் பாலத்திலிருந்து கோயில் வரை சொன்னேன். பல்கனியையும் சொன்னேன்தான். சனம் சிரித்தது, கை தட்டியது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் நான் சொல்வதைக் கேட்கிறார்கள், அதுவும் பிரெஞ்சில்.

பன்னிரண்டு மணிக்கு, ஊருக்குத் திரும்பவிருந்த அந்த அம்மா வந்தார். சிறிய உருவம், நிமிர்ந்த முதுகு, கையில் கறுத்தப் பை. அவர்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்ததும் படத்துக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டும் தூரத்தில் நின்று, ஒரு முனையிலிருந்து மெல்ல நகர்ந்தார்.

"நகரசபையின்ரை ஒரு மணிக்கூட்டிலை ரெண்டு முள்ளும் ஒரே நீளம்" என்றார், பிரெஞ்சில்.

மணிக்கூட்டு முகம் சரிபார்க்கும் கண். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

மருந்துக்கடையில் என்னை மறித்தார். அந்தக் கடைக்கு இரண்டு வாசல். ஒன்று வருத்தக்காரருக்கு, மற்றது வருத்தம் வெளியே தெரியக்கூடாதவர்களுக்கு. "ரெண்டாவது கதவு பச்சையில்லை, நீலம்" என்றார். அவ்வளவுதான், மறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாலத்துக்குத் திரும்பிப் போனேன். ஐந்து வளைவு, மேசன், மூன்று தலை. அவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

தூண் நடைபாதைக்கு வந்தபோது மண்டபத்தின் மறுபக்கம் பார்த்தேன். ஸ்பெயின்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். எங்கள் ஊரில் தலையை அப்படி ஆட்டினால் நல்லாய்ப் போகுது, விடாதே என்று அர்த்தம். நானும் அவருக்கு அப்படியே ஆட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நான் இன்னும் கூட்டினேன். தொப்பி, குடை, பொத்தான், பல்கனி, பூவாளி, தூண், மெழுகுத்துணி என்று ஒன்றையும் விடாமல், மண்டபத்தின் கடைசிக் கதிரைக்கும் கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அந்த இளந்தாரி வேணுமெண்டே நனைஞ்சவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"சரித்திரம், மதாம்."

"எப்பத்தைச் சரித்திரம்?"

வெள்ளம், மேசன் எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்தேன். "ஒரு இருநூறு வருசம் இருக்கும்."

"இருநூறு வருசம்" என்றார் அவர், மெல்ல. "அப்ப எனக்கு இப்ப என்ன வயசு?"

என் பக்கத்தில் நின்ற அண்ணைக்கு என்னைவிடப் பிரெஞ்சு குறைவு. ஆனால் அவருக்குத்தான் முதலில் விளங்கியது. "தம்பி," என்றார், "பொம்பிளை உதுதான்."

அந்த அம்மா கைப்பையை என்னிடம் தந்தார், நான் ஏதோ சுவரில் அடித்த ஆணி மாதிரி. தந்துவிட்டு மண்டபத்தைக் குறுக்கே கடந்து சட்டியடிக்குப் போனார். அவர்கள் கதைத்தது ஸ்பானிஷ். பக்கத்து மேசையில் இருந்த கிழவர் ஒருவர், கேட்காமலே, எனக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, இதைத் தவறவிடக்கூடாது என்ற முகம் அவருக்கு.

"அவ சொல்லுறா, ஒவ்வொரு நாளும் நனைஞ்சுபோட்டு அடுத்த நாளும் அங்கையே வாறவனைப் பாத்து, பாவம், மந்தமான ஆள் எண்டு நினைச்சவவாம்."

ஸ்பெயின்காரர் கரண்டியை மறுகைக்கு மாற்றினார்.

"அவர் சொல்லுறார், மந்தம்தானாம். இல்லாட்டில் இருபத்திரண்டு வருசம் எடுக்குமோ எண்டு கேக்கிறார்."

பிறகு அந்த அம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். கிழவர் காதைக் கொடுத்தார், தலையை அசைத்தார். "இது எனக்கே கேக்கேல்லை" என்றார் துக்கத்தோடு. "மெல்லமாக் கதைக்கினம்."

சட்டியிலிருந்து புகை வந்தது. அவர்கள் இருவரும் அதன் நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அண்ணைதான் ஓடிப்போய்க் கரண்டியை வாங்கினார். "அடிப்பிடிச்சுது, அடிப்பிடிச்சுது, மானம் போச்சு" என்று தமிழில் முணுமுணுத்தபடி மேல்சோற்றை மட்டும் பக்குவமாக அள்ளி, கருகியதை ஒருவருக்கும் காட்டாமல் மறைத்துப் பரிமாறினார். ஸ்பெயின் சனம் விடவில்லை. கோப்பையோடு வந்து, அந்தக் கருகல்தான் வேண்டுமென்று சட்டியின் அடியைக் காட்டியது. இரண்டு பெண்கள் அதற்காக வாக்குவாதப்பட்டார்கள். "அடிப்பிடிச்சதுக்கு வரிசையிலை நிக்கிற சனத்தை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் அண்ணை, கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுச் சுரண்டியபடி. அன்று அவரைவிடச் சந்தோசமான ஆள் அந்த மண்டபத்தில் ஒருவர் இருந்திருக்கலாம், அல்லது இருவர்.

கைப்பையை நாலு மணிவரை நான்தான் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது ஸ்பெயின்காரர் எனக்கு முதலே வந்து கிழங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டார். நான் தொட்டியை நிரப்பினேன்.

"பல்கனியை விட ஏலாமல் போச்சு" என்றேன்.

"ஓம், கேட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது."

"நீங்கள்தானே தலையை ஆட்டினனீங்கள்."

"வேண்டாம் எண்டெல்லோ ஆட்டினன்."

இருவரும் கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டி, எது ஓம், எது இல்லை என்று பிரித்தெடுத்தோம். பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கடைசியா என்ன சொன்னவ?"

அவர் ஒரு கிழங்கை எடுத்து, மெல்லிசாக, ஒரே தோலாகச் சீவினார். "தொப்பிக்கடை பூட்டிக் கிடக்காம். தேப்பன் செத்த பிறகு ஒருத்தரும் பாக்கேல்லை. கூரை ஒழுகுதாம். தான் போய்த் திறக்கப்போறாவாம். ஓடு மாத்த, கூரையிலை ஏற, ஒரு ஆள் வேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்." கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார். "எனக்கு உயரம் எண்டால் தலை சுத்தும். அதைச் சொல்லேல்லை."

அன்றைக்கே, வேலையை விடுவதாக முதலாளியிடம் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தார். அந்த மாதம் முழுவதும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், உணவகத்தின் பின்முற்றத்தில் மின்குமிழ் மாற்றும் ஏணியைச் சுவரில் சாத்தி அவர் ஏறிப் பழகினார். நான் கீழே பிடித்தேன். முதல் கிழமை மூன்றாம் படி. இறங்கிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இரண்டாம் கிழமை ஐந்தாம் படி. அங்கே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வேலையில்லாத ஒரு கையால் காற்றில் ஓடு மாற்றினார். அண்ணை லீவு நாளில் வந்து பார்த்துவிட்டு, "மேலை போறவர் முன்னுக்கு நகருங்கோ" என்று கொண்டக்டர் குரலில் சொல்லி, ஏணியின் காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பயணத்துக்கு முதல் நாள் ஏழாம் படிக்குப் போனார். ஏணிக்கு எட்டுப் படி. ஏணி ஆடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"கீழை பாக்காதேங்கோ" என்றேன், அவசரத்தில் தமிழில்.

அவர் பார்க்கவில்லை. காலைத் தூக்கி எட்டாம் படியில் வைத்தார்.